மூன்று நிமிஷ பேட்டரி

“வீங்கினது என் பேட்டரியா, உங்க மண்டையா? அதை முதல்ல சொல்லுங்க.”

“ஏம்மா, யார்கிட்ட பேசறோம்னு பார்த்துப் பேசு. நான் டாக்டர்.”

“பல் டாக்டர்.”

“பல்லும் உடம்புலதான் இருக்கு.”

“நாக்கும் அங்கேயேதான் இருக்கு. அதை அடக்க ஏதாவது ஊசி இருந்தா போட்டுக்குங்க.”

சண்டை இந்தப் பக்குவத்துக்கு வந்திருந்தபோதுதான் சல்லடை படியேறி வந்தாள். பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு அவளுடைய அக்கா மகன் பின்பாட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர்கள் இரண்டு பேருக்கும் இருக்கத்தான் செய்தன, கூப்பிடத்தான் ஆளில்லை. சித்திக்காரி எதையும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டாள். அவள் ஒன்று சொன்னால் இவன் கூடவே ஒன்பது சொல்வான். பெயர் வைக்க ஊருக்கு இது போதாதா?

சலவைக்கடை மாடியில் ‘துப்பறியும் நிலையம்’ என்று பலகை மாட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. வருகிறவர்களில் பாதிப் பேர் படி மாறி, இஸ்திரிக்குத் துணி கொண்டுவருகிறவர்கள். மீதிப் பாதி, புருஷன் சாயங்காலம் எங்கே போகிறான் என்று கேட்டு வருகிறவர்கள். அவன் எங்கே போகிறான் என்பது இப்போது அவள் கண்முன்னாலேயே இருந்தது.

அது ஒரு பழைய ஸ்கேட்டிங் கூடம். சக்கரச் செருப்புக் காலம் போனபிறகு அதன் சொந்தக்காரர் தரையெல்லாம் சாம்பல்நிறக் கம்பளம் விரித்து, பலகைகளால் வளைவுகள் அடைத்து, ரிமோட் கார் பந்தயத்துக்கு விட்டிருந்தார். அவர்தான் பந்தயச் சங்கத்தின் தலைவர். சுவரோரம் நீள மேஜைகள். வீட்டில் பல்பு மாற்றச் சொன்னால் முதுகு பிடித்துக்கொள்ளும் ஆண்கள் எல்லாரும், இங்கே கடுகளவு திருகாணியைத் தேடி மண்டியிட்டுத் தவழ்ந்துகொண்டிருந்தார்கள்.

“சித்தி, குழந்தைங்களைக் கூட்டிட்டு வந்திருக்காங்கன்னு பார்த்தா, குழந்தைங்க யாருமே இல்ல” என்றான் பின்பாட்டு.

“இருக்காங்க. உயரமா இருக்கிறதால உனக்குத் தெரியல.”

தலைவர் ஓடி வந்து இருவரையும் ஓரமாகக் கூட்டிப் போனார். விஷயம் இதுதான். காலையில் பயிற்சி ஓட்டம். பல் டாக்டரின் பச்சைக் கார் வளைவுப் பலகையில் முட்டி நின்றது. உள்ளேயிருந்து புகை. எல்லாரும் பின்வாங்க, டாக்டர் மட்டும், வாய்க்குள் எட்டிப் பார்த்த பழக்கத்தில், குனிந்து கிட்டப்போய்ப் பார்த்தார். குப்பென்று ஒரு தீ நாக்கு வந்து போனது. தலைவர் மணல் வாளியைக் கவிழ்த்து அணைத்துவிட்டார். சேதம் என்னவென்றால் ஒரு கார், ஒரு பேட்டரி, மீசையில் இடது பாதி.

“அதனாலதான் முகமூடியா?” என்று பின்பாட்டு கேட்டான். டாக்டர் வைத்தியசாலையில் போடுகிற நீல முகமூடியைக் கண்ணுக்குக் கீழே வரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்.

“அதைப் பத்தி மட்டும் பேசாதீங்க தம்பி” என்றார் தலைவர் தணிந்த குரலில். “ பேட்டரியை வித்தது அந்தப் பொண்ணு. கலப்படச் சரக்கை வித்துட்டா, கடையைத் தூக்கணும்னு ஒத்தைக்கால்ல நிக்கறாரு. அஞ்சு மணிக்கு சங்கத்துல கை தூக்கச் சொல்லி முடிவு பண்ணப்போறோம். எனக்கென்னவோ மனசு ஒப்பல. அதான் உங்களைக் கூப்பிட்டேன்.”

அந்தப் பெண்ணை எல்லாரும் பேட்டரிக்காரி என்றுதான் சொன்னார்கள். கூடத்து மூலையில், மொட்டைமாடிக்குப் போகிற படிக்கட்டுக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடத்தில் அவள் கடை. ஒரு மேஜை, ஒரு தராசு, சுட்டு ஒட்டுகிற கருவி ஒன்று, அலமாரி நிறைய லித்தியம் பேட்டரிகள். இருந்த வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவள். ரிமோட் கார்காரர்கள் வேறு எங்கும் கூடுவதில்லை. இந்தப் படிக்கட்டுக்கு அடியிலிருந்து அவளை எடுத்துவிட்டால் பேட்டரியை அவள் யாருக்கு விற்பாள், பூச்சாடிக்கா?

பின்பாட்டு கடையைப் பார்த்தான். பிறகு கடைக்காரியைப் பார்த்தான். பிறகு கடையைப் பார்க்க மறந்துவிட்டான்.

“நல்ல பேட்டரின்னு எதை வச்சும்மா சொல்றது?” என்றாள் சல்லடை.

“தூக்கிப் பாருங்க.” இரண்டு பேட்டரிகளைக் கையில் கொடுத்தாள். செங்கல்லைச் சுருக்கியதுபோல இரண்டும் ஒரே அளவு. இரண்டின் மேலும் ஒரே எண். “எது கனம்?”

“இது.”

“அதைத்தான் நான் விக்கிறேன். இன்னொண்ணு என்கிட்ட யாரோ தள்ளப் பார்த்தது. உள்ள சரக்கு இருந்தாதான கனம் இருக்கும்? லேசா இருந்தா மேல போட்டிருக்கிற நம்பர் பொய். அதுலயும் இந்த வேகக் கணக்கு இருக்கு பாருங்க, நொடியில இவ்வளவு கரண்டை கொட்டுவேன்னு பெரிசா அச்சடிச்சிருப்பாங்க. அது மாப்பிள்ளை வீட்டுல சம்பளம் சொல்ற மாதிரி. பாதியைக் கழிச்சுட்டுதான் நம்பணும்.”

“என் சம்பளத்துல பாதியைக் கழிச்சா நான்தான் அவங்களுக்குக் குடுக்கணும்” என்றான் பின்பாட்டு.

அவள் சிரிக்கவில்லை. “அப்புறம் இந்த உறை. தொட்டுப் பாருங்க, கெட்டி பிளாஸ்டிக். பந்தயத்துல கார் முட்டாம இருக்காது. மெத்துனு இருக்கிற பேட்டரியை வாங்கினா, ஒரு முட்டுல உள்ள நசுங்கிடும். நசுங்கினா தீதான். நான் மெத்து உறை வாங்கறதே இல்ல. அவருக்கு வித்ததும் கெட்டி உறைதான்.”

“அதே லாட்டுல வேற யாருக்கு வித்த?”

“தலைவருக்கு. அதே பெட்டியிலிருந்து, அதே நாள்ல.”

தலைவர் தன் பேட்டரியைக் கொண்டுவந்தார். சல்லடை அதைக் கண்ணாடி மேஜைமேல் படுக்க வைத்து, ஓரத்தில் விரலால் சுண்டினாள். அது நகர்ந்து நின்றது. இன்னொரு முறை சுண்டினாள். மறுபடியும் நின்றது.

“என்ன சித்தி, கேரம் ஆடறீங்க?”

“வயிறு தட்டையா இருந்தா மேஜையில உக்காரும். வீங்கியிருந்தா நடுவுல மட்டும் தொட்டுக்கிட்டு பம்பரமா சுத்தும். இது தட்டை. ஆக, சரக்குல குத்தம் இல்ல.”

“எனக்கு வந்தது மட்டும் குத்தமா இருக்கக்கூடாதா?” முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது. டாக்டர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். “நான் பேட்டரியை எப்படிப் பார்த்துக்கறேன்னு இங்க யாரை வேணா கேளுங்க. மாசத்துல ஒரு ஞாயிறுதான் பந்தயம். முடிஞ்சதும் வீட்டுக்குப் போயி, இந்தப் பொண்ணு சொன்ன மாதிரியே, பாதி சார்ஜுல நிறுத்தி, தகர டப்பாவுல மூடி வச்சுடுவேன்.”

“பாதியில ஏன் நிறுத்தணும்?” என்றான் பின்பாட்டு.

“இந்தச் சாதி பேட்டரி முழு வயித்தோட ரொம்ப நாள் சும்மா கிடக்கக்கூடாது” என்றாள் பேட்டரிக்காரி. “உள்ளுக்குள்ள கெட்டுப்போயி காத்து கட்டிக்கும். வாரக்கணக்கா வைக்கிறதுன்னா பாதியில வைக்கணும். ஓட்டற அன்னைக்குக் காலையில நிரப்பிக்கணும்.”

“அதைத்தானே பண்றேன்? இன்னும் கேளுங்க. மத்தவங்க எல்லாம் காலையில வந்து அரை மணி, முக்கால் மணின்னு சார்ஜருக்குக் காவல் இருப்பாங்க. எனக்கு மூணே நிமிஷம். மாட்டுவேன், பச்சை விளக்கு வந்துடும், எடுத்துடுவேன். கைராசின்னு எல்லாரும் வயிறு எரியறாங்க.”

சல்லடை தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இது நல்ல அறிகுறி என்று பின்பாட்டுக்குத் தெரியும். அவள் துடைத்தால் எங்கேயோ எதுவோ அகப்பட்டிருக்கிறது.

“எத்தனை மாசமா இந்தக் கைராசி?”

“மூணு நாலு மாசமா.”

“வீட்டுல வேற பேட்டரி இருக்கா?”

“ரெண்டு இருக்கு, இதுகூடவே வாங்கினது. டப்பாவுல. போய்ப் பார்த்துக்குங்க. என் மனைவி பிள்ளைங்களோட வெளிய போயிருக்கா. மாமியார் இருப்பாங்க. எனக்குப் பந்தயம் பார்க்கணும், நான் வரல.”

படியிறங்கும்போதே பின்பாட்டு வழக்கை முடித்துவிட்டான். “சித்தி, எவனோ பொறாமைக்காரன். மேஜையில வச்ச பேட்டரியை மாத்திட்டான். ரெண்டாவது வரிசையில மஞ்சச் சட்டை போட்ட ஆளைப் பார்த்தீங்களா? முழியே சரியில்ல.”

“அவர் மாறுகண் உள்ளவர்டா.”

“அதைத்தான் சொல்றேன்.”

“பாதிக் குடம் தண்ணி இருக்கு. குழாயைத் திறந்து மூணு நிமிஷத்துல நிரம்பிடுச்சு. என்ன அர்த்தம்?”

“குழாய் பெரிசு.”

“குடம் ஏற்கனவே நிரம்பியிருந்துச்சுன்னு அர்த்தம். பாதியிலதான் நிறுத்தினேன்னு அந்த மனுஷன் சத்தியம் பண்றாரு. அப்ப ஒண்ணு, அவர் பொய் சொல்றாரு. இல்லேன்னா நடுவுல யாரோ நிரப்பறாங்க.”

“பொய்தான் சித்தி. பல்லு வலிக்காதுன்னு தினமும் பத்துப் பேர்கிட்ட சொல்ற ஆளு.”

டாக்டர் வீடு இரண்டு தெரு தள்ளி, ஒரு குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருந்தது. கதவைத் திறந்த மாமியார், வாயைத் திறப்பதற்கு முன்பே இருவரையும் உட்கார வைத்து, டீயைக் கையில் கொடுத்து, பிஸ்கட் தட்டை மடிக்கு அருகில் நகர்த்தினார். சுறுசுறுப்பான அம்மாள். நின்ற இடத்தில் நிற்கவில்லை. பேசிக்கொண்டே மெத்தை உறையை நேராக்கினார், சுவர்க் கடிகாரத்தைத் துடைத்தார், பின்பாட்டின் சட்டைக் காலரை மடித்துவிட்டார்.

“மாப்பிள்ளை என்னாச்சுன்னு போன்ல சொன்னாரு. மீசையாமே. மீசைதானே போச்சு, முளைச்சுடும். இல்லாமதான் நல்லா இருப்பாரு. கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னேன், என் பொண்ணுதான் கேக்கல.”

சல்லடை நான்கு பக்கமும் கண்ணை ஓட்டினாள். பின்பாட்டு பிஸ்கட்டின் பக்கம் ஓட்டினான். பேட்டரிக் கடையில் வைத்து அவன் நூறு தடவை போனை எடுத்து எடுத்துப் பார்த்ததில் (நம்பர் கேட்கலாமா, வேண்டாமா என்றுதான்) அது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நான்கு சதவீதத்தில் ஊசலாடிக்கொண்டிருந்தது. சோபாக் கைப்பிடியில் அதை வைத்துவிட்டு மூன்றாவது பிஸ்கட்டுக்குப் போனான்.

“டப்பா எங்கம்மா இருக்கு?” என்றாள் சல்லடை.

“படுக்கையறை அலமாரி மேல. எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நான் தொடறதே இல்ல. தொட்டா மாப்பிள்ளைக்குப் பிடிக்காது.” பதில் கேள்வியைவிட நீளமாக இருந்தது. கேட்டது இடம், சொன்னது மூன்று.

சல்லடை நாற்காலி போட்டு டப்பாவை இறக்கித் திறந்தாள். உள்ளே இரண்டு பேட்டரிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு பூத்துவாலையில், பிறந்த குழந்தையைச் சுற்றுவதுபோல, தலைப்பக்கம் மட்டும் தெரியச் சுற்றப்பட்டிருந்தது.

“டாக்டர் மனசுல இவ்வளவு ஈரமா” என்றான் பின்பாட்டு.

சல்லடை ஒன்றைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துச் சுண்டினாள்.

சுற்றியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, உப்புக் குப்பியை இடித்துக்கொண்டு இன்னும் அரைச் சுற்று. உறையின் ஒட்டு ஓரத்தில் ஒரு கோடு வாய் பிளந்திருந்தது.

“அட, எவ்வளவு அழகாச் சுத்துது” என்றார் மாமியார்.

“இது அழகு இல்லம்மா. இதைப் பிள்ளைங்க படுக்கிற ரூம்ல வச்சிருக்கீங்க. வாளி இருக்கா? மணல்?”

தொட்டிச் செடிக்கு வாங்கி வைத்திருந்த மணல் இருந்தது. இரும்பு வாளியில் மணல் போட்டு, இரண்டையும் மெதுவாக அதில் புதைத்து, கொல்லையில் சுவருக்கும் துணிக்கொடிக்கும் எட்டாத இடத்தில் வைத்துவிட்டு வந்தாள் சல்லடை. “இதை யாரும் தொடக்கூடாது. நகர்த்தக்கூடாது. நான் ஆள் அனுப்பறேன்.”

“தொடவே மாட்டேன்” என்றார் மாமியார், வாளியைப் பார்த்துக்கொண்டே.

கிளம்ப வேண்டியதுதான். பின்பாட்டு சோபாவைத் தடவினான். மெத்தைக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தான். தன் சட்டைப்பையைத் தானே திருடனைப்போல் சோதித்தான். “சித்தி, என் போன் காணோம். துப்பறிய வந்த இடத்துல திருட்டு. வெளிய சொன்னா வெக்கக்கேடு.”

சல்லடை அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். “இங்க வா.”

அடுக்களைத் திண்டின்மேல் நீளமாக ஒரு மின்பலகை. அதிலிருந்து கொடிகொடியாக வயர்கள். கைவிளக்கு, மாப்பிள்ளையின் சவரக் கருவி, இரண்டு மின் பல் தூரிகைகள், பேசும் பொம்மை, மடிக்கணினி, எதற்கென்றே தெரியாத ஒரு கறுப்புப் பெட்டி. எல்லாவற்றின் நெற்றியிலும் பச்சை விளக்கு. கடைசியில் சமர்த்தாக ஒட்டிக்கொண்டிருந்தது பின்பாட்டின் போன். அறுபத்தெட்டு சதவீதம்.

“நாலுல கிடந்துச்சு தம்பி” என்றார் மாமியார், பின்னாலிருந்து. “பார்த்துக்கிட்டு எப்படி இருக்கிறது?”

சல்லடை மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை. துடைக்க வேண்டிய அவசியம் இல்லை.

“அம்மா, டப்பாவுல இருக்கிறதையும் நீங்கதான் நிரப்புவீங்களா?”

மாமியார் முந்தானையால் ஏற்கனவே துடைத்த திண்டை இன்னொரு முறை துடைத்தார். “ஒரு தடவை லிஃப்டுல மாட்டிக்கிட்டேன். போன்ல உயிர் இல்ல. இருட்டுல தனியா நின்னு கத்தினேன், ஒருத்தருக்கும் கேக்கல. அதுலேர்ந்து பாதியில நிக்கிற எதைப் பார்த்தாலும் என்னால நிரப்பாம இருக்க முடியல. மாப்பிள்ளை அந்த சார்ஜர் மெஷின்ல மாட்டி எடுத்தா மூணு புள்ளி எட்டுன்னு காட்டுது. நிரம்பினா நாலு புள்ளி ரெண்டு வோல்ட் வரைக்கும் போகும்னு அவரே யார்கிட்டயோ சொல்லிட்டிருந்தாரு. சரி, வேலை அலுப்புல மறந்துடறாரு போலன்னு, மறுநாள் அவர் கிளம்பினதும் நான் எடுத்து, பெரிய வயரு, சின்ன வயரு ரெண்டையும் பொருந்தற இடத்துல பொருத்தி, மேல் பொத்தானை அமுக்கி அமுக்கி நாலு ரெண்டுக்கு ஏத்திடுவேன். சூடு ஆறாம இருக்கணும்னு துவாலை. பந்தயத்தன்னைக்கு மட்டும் அவர் எடுக்கறதுக்கு முன்னாடி உருவிட்டு, கிளம்பினதும் மிச்சத்தைத் திரும்பச் சுத்திடுவேன்.”

“மாசாமாசம்?”

“மறந்ததே இல்ல.”

பின்பாட்டுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அது அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

“மாப்பிள்ளைகிட்ட சொல்லிடாதீங்கம்மா” என்றார் மாமியார். “டிவி ரிமோட்டை இடம் மாத்தி வச்சதுக்கே ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தாரு. இது தெரிஞ்சா என் பொண்ணைத்தான் வாட்டுவாரு.”

“நான் சொல்லாட்டி அந்தப் பொண்ணோட கடை போயிடும்மா.”

“எந்தப் பொண்ணு?”

அதுவரை அந்த அம்மாளுக்கு அது தெரியாது. சல்லடை இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். மாமியார் உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் அவர் உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் அவர்கள் பார்த்தார்கள்.

“நானா போயி உங்களைக் காட்டிக் குடுக்க மாட்டேன்” என்றாள் சல்லடை, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. “ஆனா எவ்வளவு தூரம் தாங்கும்னு தெரியாது.”

ஐந்து மணிக்குக் கூடத்தில் எல்லாரும் வட்டமாக நின்றிருந்தார்கள். மஞ்சள் சட்டைக்காரர் ஒரு கண்ணால் டாக்டரையும் மறு கண்ணால் கடையையும் பார்த்துக்கொண்டிருந்தார். பேட்டரிக்காரி மேஜையில் இருந்தவற்றை ஏற்கனவே பெட்டியில் அடுக்கத் தொடங்கியிருந்தாள். யாராவது சொல்லித் தூக்குவதற்கு முன்னால் தானே தூக்கிவிடலாம் என்கிற வீம்பு. தராசை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தாள்.

“சரக்குல பழுது இல்ல” என்றாள் சல்லடை. “தலைவரோட பேட்டரியே சாட்சி. டாக்டர் வீட்டுல இருந்த மத்த ரெண்டும் வீங்கியிருக்கு. ஒரே பெட்டிச் சரக்கு, ஒரு வீட்டுல மட்டும் வீங்குதுன்னா தப்பு வீட்டுல. முழுசா நிரப்பி மாசக்கணக்கா வச்சிருக்கு. மூணு நிமிஷத்துல பச்சை விளக்கு வந்தது கைராசி இல்ல. அதுல நிரப்ப இடமே இல்ல.”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. நாலு மாதமாக அந்தக் கைராசியைப் பார்த்து வயிறெரிந்தவர்களுக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

டாக்டரின் முகமூடி உள்ளே போய் வெளியே வந்தது. “அப்ப நான் பொய் சொல்றேங்கிறீங்களா? என் கையால பாதியில நிறுத்தினேன். நான் நிரப்பலேன்னா யாரு நிரப்பினது? ஆளைச் சொல்லுங்க. சொல்ல முடியலேன்னா இது கதை.”

சல்லடை வாயைத் திறக்கவில்லை.

“பார்த்தீங்களா? ஆள் இல்ல. கையைத் தூக்குங்கப்பா.”

பின்பாட்டின் நிலைமைதான் பரிதாபம். பிறந்ததிலிருந்து ஒரு ரகசியத்தை ஒரு தெரு தாண்டிக் கொண்டுபோகாதவன், இரண்டு தெரு தாண்டிக் கொண்டுவந்துவிட்டான். இப்போது அது நாக்கின் நுனியில் நின்று குதித்தது. பேட்டரிக்காரி அவனையே பார்த்தாள். அவன் கீழுதட்டைக் கடித்தான். முதலில் ஒரு கை எழுந்தது. பிறகு இரண்டு. மஞ்சள் சட்டைக்காரர் கையைப் பாதி தூக்கி, மற்றவர்களைப் பார்த்து, முழுதாகத் தூக்கினார். தலைவர் எண்ண ஆரம்பித்தார்.

வெளியே ஒரு ஸ்கூட்டர் முக்கி முனகி நின்ற சத்தம். படியில் செருப்புச் சத்தம். மாமியார் உள்ளே நுழைந்தார். பின்னால், இரும்பு வாளியைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, ஓர் இளைஞன்.

“நான்தான்” என்றார் மாமியார். “கையை இறக்குங்க எல்லாரும். மாப்பிள்ளை, நிரப்பினது நான்தான். மாசாமாசம். உங்க சவரக் கருவியை நிரப்பறதும் நான்தான், போனை நிரப்பறதும் நான்தான். இந்த நாலு வருஷத்துல ஒரு நாளாவது எதுவாவது பாதியில நின்னுச்சா? ‘இதை மட்டும் தொடாதீங்க’ன்னீங்க. ஏன் தொடக்கூடாதுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

எழுந்த கைகள் தலையைச் சொறிவதுபோலக் கீழே வந்தன.

முதலில் கத்தியது பேட்டரிக்காரிதான். ஆனால் அது வேறு கத்தல். “வீங்கின பேட்டரியை ஸ்கூட்டர்ல வச்சுத் தூக்கிட்டு வந்தீங்களா? ஆளுங்க நிக்கிற இடத்துக்கு? உங்களுக்குப் புத்தி இருக்கா? சார், நீங்க, வாளியோட நிக்கிறவரு, திரும்பி வெளிய போங்க. மெதுவா. ஆட்டாதீங்க. பக்கத்துக் காலி மனையில நடுவுல வைங்க. அம்மா, நீங்க இங்க வாங்க.”

மாமியாரை முக்காலியில் உட்கார வைத்து, ஒரு பேட்டரியைக் கையில் கொடுத்து, ஏன் பாதி, ஏன் துவாலை கூடாது, எது வீக்கத்தின் முதல் அடையாளம் என்று நிறுத்தாமல் திட்டிக்கொண்டே சொன்னாள். மாமியார் ஒவ்வொரு திட்டுக்கும் தலையாட்டினார். முகம் மலர்ந்துகொண்டே வந்தது. அவ்வளவு விவரமாக யாரும் அவரைத் திட்டியதில்லை.

பிறகு எழுந்து மருமகனிடம் வந்தார். “அந்தப் பொண்ணுகிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க.”

“மன்னிச்சுடும்மா” என்றது முகமூடி.

“துணியைக் கழட்டிட்டு. துணிக்குள்ளேர்ந்து கேக்கறது மன்னிப்பு இல்ல.”

டாக்டர் சுற்றிலும் பார்த்தார். வழி இல்லை. ஒரு காதிலிருந்து விடுவித்தார். வலது பக்கம் திருத்தமாகச் சீவிய மீசை. இடது பக்கம் வழித்த நடைபாதை. கடுகளவு திருகாணி ஒன்று யார் கையிலிருந்தோ நழுவி விழுந்தது. அதைத் தேடுகிற சாக்கில் ஏழெட்டுப் பேர் மேஜைக்கு அடியில் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்கள்.

“மன்னிச்சுடும்மா” என்றார் இரண்டாம் முறை, முழு வாயால்.

பேட்டரிக்காரி பெட்டியிலிருந்து சாமான்களைத் திரும்ப எடுத்து மேஜையில் வைத்தாள். பிறகு இடுக்கியையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு காலி மனைக்குப் போனாள். வீங்கியவற்றைச் சும்மா விட முடியாது. மெல்லமெல்லக் கரண்டை வடித்துத்தான் கழிக்க வேண்டும். அதுவரை ஆள் காவல் இருக்க வேண்டும். வாளியைக் கொண்டுவந்தவன்தான் இருந்தான். அவன் டாக்டரின் மைத்துனன், அதாவது மாமியாரின் ஒரே மகன். மேஜைவிரிப்பு தைக்கிற பட்டறை வைத்திருந்தான். வடிய நேரம் பிடித்தது. அவசரப்படுத்தவும் இரண்டு பேரும் விரும்பவில்லை என்பது மாடி ஜன்னலிலிருந்து பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது. ஜன்னலில் அதிக நேரம் நின்றது பின்பாட்டு.

மழைக்காலம் முடிவதற்குள் அவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பெண் கேட்டுப் போனது மாமியாரேதான். அவளைத் தவிர வேறு யாரையும் பார்க்கப்போவதில்லை என்று மகனுக்கு முன்னாலேயே முடிவு செய்துவிட்டாராம். மகள் வீட்டிலிருந்து கிளம்பி, பட்டறைக்கு மேலே இருக்கிற மகன் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். மாமியாரும் மருமகளும் அடிக்கிற லூட்டியைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்துவைத்துக் கேட்கிறார்கள் என்று பேச்சு. பின்பாட்டு கல்யாணத்துக்குப் போனான், வயிறாரச் சாப்பிட்டான், அதற்கப்புறம் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு அதைப்போல நிம்மதியான வாரம் அமையவில்லை என்று சல்லடை இன்றைக்கும் சொல்கிறாள்.

பல் டாக்டர் அந்த வெட்கத்தில் வீட்டைக் காலி செய்யவில்லை, சங்கத்தையும் விடவில்லை. ஆனால் மைத்துனன் மனைவி ஆகிவிட்டவளை இனி முறை வைத்துத் ‘தங்கச்சி’ என்றுதான் கூப்பிட்டாக வேண்டும். கூப்பிடுகிறார். மாசத்துக்கு ஒரு ஞாயிறு, படிக்கட்டுக்கு அடியில் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு.